கை படாத ஆயிரம் ஓட்டங்கள்

தான் படைத்த உயிரின் கண்ணில் தான் படாமல் இருப்பதே படைத்தவனின் தலையாய அறம். மனிதகுலம் ஐயாயிரம் ஆண்டுகள் தேடியலைந்து கண்டடைந்த உண்மை இது என்று கொங்குச் சிற்றிருப்புப்பாதைச் சங்கத்தின் விதிப்புத்தகம் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிச் சொல்கிறது. ஆண்டுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு வடைக்கு மேல் கிடையாது என்பது இரண்டாம் பக்கம். இரண்டாவது விதியை மீறி மாட்டிக்கொண்டவர்கள் பலர். முதல் விதியை மீறியதாக ஒப்புக்கொண்டவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.

யுவராஜ் இரண்டு விதிகளையும் மதித்தவர். குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் வால்வு திறந்து மூடிவிட்டு ஓய்வு பெற்றவர். போத்தனூரில் மூன்றாவது மாடியில் வீடு. ஹால் முழுவதையும் தன் குட்டி ரயிலுக்கு எழுதிவைத்துவிட்டதால் சோபா சமையலறையில் இருந்தது. வந்த விருந்தாளிகள் மிக்சியோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். ஹாலில் மூன்று மலை, ஒரு பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கின் அடியில் பிசின் ஊற்றி உறையவைத்த ஓர் ஆறு, அதன்மேல் ஒன்றரை அடி நீளத்துக்கு நெட்டைப்பாலம். புங்கம்பாளையத்தில் கிளம்பும் ரயில் ஹாலை ஆறு சுற்றுச் சுற்றி மேல்முடிக்குப் போய்ச் சேரும். இரண்டு ஊருக்கும் நடுவே உண்மையில் நாலு அடி தூரம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயிரமாவது ஓட்டம். ஏழு வருடமாக, வழியில் ஒரு தடவைகூட மனிதக் கை படாமல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஓட்டம் ஓடி முடிந்திருந்தது. பெரும்பாலான ஓட்டம் யுவராஜின் மதியத் தூக்கத்தின்போதுதான்; ரயில் தானாகவே ஓடிக்கொள்ளும், எண்ணியும் கொள்ளும். இன்றைக்கும் ஓடிவிட்டால் ‘கைபடாப் பாதை’ விருது. இதுவரை இரண்டே பேர் வாங்கியிருந்தார்கள். ஒருவர் சங்கத் தலைவர் தாமோதரன். மற்றவர் தாமோதரனின் மைத்துனர்.

மேற்பார்வையிடத் தாமோதரனே வந்திருந்தார். கல்லூரி ஒன்றில் துணைப் பதிவாளராக இருந்தவர் என்பதால், எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த விஷயத்தை அவருக்கே விளக்கிச் சொல்வது பழக்கமாகியிருந்தது.

“இதெல்லாம் வெறும் பொம்மை இல்லை, யுவராஜ். ஒவ்வொரு பயணி தலைக்குள்ளும் எள்ளளவுக்கு ஒரு சில்லு. அதுக்குள்ள ஒரு மனசு.”

“தெரியும்ங்க தலைவரே. ஏழு வருசமா நாந்தானே வெச்சிருக்கேன்.”

“தண்டவாளத்துல கரண்ட் இருக்கிற வரைக்கும் அந்த மனசு இருக்கும். நகல் எடுத்து வெச்சுக்கவும் முடியாது, சட்டம் விடாது. கரண்ட் போனா பெட்டியில இருக்கிற சின்ன பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் தீர்ந்துச்சுன்னா...”

“கடையில வாங்கின அன்னைக்கு எப்படி இருந்தாங்களோ அப்படி ஆயிருவாங்க.”

“அதேதான்!” என்றார் தாமோதரன், மாணவன் சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு. “அவங்களுக்கு ஊர் உண்டு, உறவு உண்டு, நம்பிக்கை உண்டு. மேலே இருந்து ஒரு ராட்சசக் கை வந்து ரயிலைத் தூக்குறதைப் பாத்தாங்கன்னா அந்த நம்பிக்கை என்ன ஆகும்? அதுக்காகத்தான் இந்த விதி. கருணை, யுவராஜ். வேற ஒண்ணும் இல்லை.”

யுவராஜ் தலையாட்டினார். அவருக்கும் அந்தக் கருணையில் நம்பிக்கை உண்டு. ரயிலில் ஐம்பத்தெட்டுப் பயணிகள். அவர்களுக்கு அவர் ‘கண்ட்ரோல்’. எங்கோ ஒரு தலைமையகத்தில், பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குரல். கடைசிப் பெட்டியில் வரும் கார்டு செல்லதுரைதான் வயர்லெஸ்ஸில் அந்தக் குரலோடு பேசுகிறவர். ஏழு வருடத்தில் பேச்சு ரயிலைத் தாண்டி எவ்வளவோ தூரம் போயிருந்தது. யுவராஜுக்குச் சர்க்கரை வந்ததை மனைவி சிந்துஜாவுக்கு முன்னால் தெரிந்துகொண்டவர் செல்லதுரை. “ராத்திரிக்குச் சோறு வேண்டாம்ங் சார், ரெண்டு தோசையோட நிறுத்திக்குங்க” என்று தினமும் சொல்வார். அவர் வாழ்நாளில் தோசையைக் கண்டதில்லை.

சிந்துஜா அன்று பொள்ளாச்சியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். “நான் இல்லாத நாளாப் பாத்து வெச்சீங்களே” என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். தன் வெற்றியைப் பார்க்க முடியாத வருத்தம் என்று யுவராஜ் எடுத்துக்கொண்டார்.

பதினொன்றுக்கு ரயில் கிளம்பியது. பதினொன்று பதினாலுக்கு நெட்டைப்பாலத்தின் நட்டநடுவில் நின்றது.

“கண்ட்ரோல் சார், செல்லதுரை பேசறனுங்க. பாலத்துல நின்னு போச்சுங்.”

“பாத்துட்டு இருக்கேன், செல்லதுரை. பெட்டியில லைட் எரியுதா?”

“மங்கலா எரியுதுங். பேட்டரிக்கு மாறிருச்சுங்க.”

யுவராஜ் மின்சாரக் குமிழை முழுக்கத் திருப்பினார். ஒன்றுமில்லை. பாலத்துத் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் இணைப்பு எங்கோ விட்டுப்போயிருந்தது. இன்ஜினும் முன்பெட்டிகள் மூன்றும் புதிது, நாற்பது நிமிடம் தாங்கும். கடைசிப் பெட்டி பழையது. இருபது நிமிடம். அதில் மேல்முடிப் பள்ளிக்கூடத்துப் பரிமளம் டீச்சரையும் சேர்த்து ஒன்பது பயணிகள், பத்தாவதாகச் செல்லதுரை. பதினொன்று முப்பத்துநாலுக்கு மேல் அந்தப் பெட்டி இருக்காது.

தாமோதரன் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். “நிறுத்தம் பிரச்சினை இல்லை. விதிப்படி எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம். கைதான் படக்கூடாது.”

“பத்து பேரு இருக்காங்க தலைவரே, அந்தப் பெட்டியில.”

“அதனாலதான் சொல்றேன். பதறாதீங்க.”

மேல்முடியிலிருந்து உதவி இன்ஜினை அனுப்பினார் யுவராஜ். அது கம்பீரமாக ஊதிக்கொண்டு மலையிறங்கி வந்து, பாலத்தில் சக்கரம் வைத்ததும் தானும் நின்றுகொண்டது. கரண்ட் இல்லாத இடத்துக்குள் கரண்டில் ஓடும் இன்ஜினை அனுப்பினால் என்ன ஆகும் என்பது வால்வு திறந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பதற்றத்தில் தோன்றவில்லை.

“சார், எதிர்ல ஒரு இன்ஜின் வந்து நின்னிருக்குதுங். அது நம்மளைக் காப்பாத்த வந்ததுங்களா?”

“ஆமா.”

“அதை யாருங்க காப்பாத்துவாங்க?”

செல்லதுரையின் குரலில் கிண்டல் இருந்தது. யுவராஜுக்கு அது கொஞ்சம் தெம்பாக இருந்தது. “அடங்குய்யா. டீச்சர் என்ன பண்றாங்க?”

“ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருக்காங்க. எல்லாரும் மேலதானுங்க பாக்கறோம். இந்தப் பாலத்துல சில சமயம் காத்து பலமா அடிக்கும்ங்க. அடிச்சா ரயிலு தானா நகந்துரும். காத்து வருமான்னு பாக்கறோம்.”

ஹாலில் காற்று கிடையாது. தூசி பறக்கும் என்று யுவராஜ் ஏழு வருடமாக மின்விசிறியைப் போட்டதில்லை. பேட்டரி குறைவதில் மூளை தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

சால்டரிங் அயர்னையும் ஈயக்கம்பியையும் எடுத்துக்கொண்டு, மலையும் ஆறும் ஏறி உட்கார்ந்திருந்த மேஜைக்கடியில் புகுந்தார். மேலே பிசின் ஆறு ஐந்து அங்குல கனத்துக்கு உறைந்து கிடந்தது. உண்மையான ஆழம் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று வாரம் அடுக்கடுக்காக ஊற்றியது. சங்கத்து மலரில் அதன் படம் வந்திருந்தது. அறுந்த கம்பி அதற்கு அந்தப்பக்கம் இருந்தது. கீழேயிருந்து எட்ட வழியே இல்லை. வெளியே வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து.

“சார்.”

“சொல்லு செல்லதுரை.”

“நம்ம ரயிலு... எந்த ஊருக்குங்க போயிட்டிருக்குது?”

“மேல்முடிக்கு.”

“ஆமாங், ஆமாங். மேல்முடி. டீச்சருக்கும் சட்டுனு ஞாபகம் வரலைங்க. இங்க ஒருத்தரு தம் பொண்ணு பேரை எங்கிட்டக் கேக்கறாரு. எனக்கு எப்படிங்க தெரியும்?”

பெட்டி சிக்கனம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மின்சாரம் குறையக் குறைய, அதிகம் தேவையில்லாதது என்று கணக்குப் போட்டதை முதலில் அணைக்கும். ஊர்ப்பெயரும் பெண்ணின் பெயரும் அதன் கணக்கில் அதிகம் தேவையில்லாதவை.

“தலைவரே,” என்றார் யுவராஜ், மைக்கை மூடிக்கொண்டு. “ஜன்னல் திரையை இழுத்து மூடிடறேன். லைட்டையும் அணைச்சுடறேன். கும்மிருட்டுல விரலால ஒரு தள்ளு. யாரும் பாக்க மாட்டாங்க. யார் நம்பிக்கையும் போகாது.”

தாமோதரன் விதிப்புத்தகத்தைத் திறந்து கட்டம் கட்டிய பகுதிக்குக் கீழே விரல் வைத்தார். “ ‘கை தெரியக்கூடாது’ன்னு இல்லை யுவராஜ். ‘கை படக்கூடாது’.”

“அவங்க பாக்கக்கூடாதுன்னுதானே விதியே?”

“அது முன்னுரை. விதி இது.”

“அப்ப கருணை?”

“அதுவும் முன்னுரையில வருது.” தாமோதரன் குரலைத் தாழ்த்தினார். “இருட்டுல வெச்சாலும் கை கைதான். என் ஓட்டத்துல எழுநூத்துப் பன்னெண்டாவது தடவை சுரங்கத்துக்குள்ள ரெண்டு மணி நேரம் நின்னுது. நான் கை வெச்சேனா?”

“அந்த ரயில்ல ஆளுங்க இருந்தாங்களா?”

தாமோதரன் ஸ்டாப்வாட்சைத் துடைத்தார்.

“சார்,” என்றது செல்லதுரையின் குரல். இப்போது அது மெல்ல, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பதுபோல வந்தது. “நீங்க சாப்பிட்டீங்களா? ரெண்டு... அது பேரு என்னங்க, வட்டமா இருக்குமே...”

“தோசை.”

“ரெண்டோட நிறுத்திக்குங்க.” கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. “நீங்க யாருங்க பேசறது?”

சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தொன்று. யுவராஜ் நிமிர்ந்தார்.

“தலைவரே, நான் கை வைக்கப் போறேன். வெளிச்சத்துலயே வைக்கறேன். அவங்க பாக்கட்டும். ஏழு வருசம் பேசின ஆளு இருக்கான் உள்ள, நான் யாருன்னு கேக்கறான். அவனுக்கு என் கையைக்கூடக் காட்டக்கூடாதா?”

“ஆயிரமாவது ஓட்டம், யுவராஜ்.”

“போகட்டும்ங்க.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படுக்கையறைக்குள் போனார். தாமோதரன் ஹாலில் தனியாக நின்றார். விருப்பப்பட்டிருந்தால் அவரே கையை நீட்டியிருக்கலாம். அவர் ஆறு அடி உயரம். கை பாலத்துக்கு எட்டும். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

உள்ளறையில் இருந்தாலும் ஒலிபெருக்கியின் சத்தம் யுவராஜுக்குத் தெளிவாகக் கேட்டது. “யாராச்சும் இருக்கீங்களாங்க?” என்றது. பிறகு, “இருக்கீங்களா?” பிறகு இரைச்சலும் நின்றுபோயிற்று. பீரோக் கதவு ஒன்று அறைந்து சாத்தப்பட்டது.

அவர் ஹாலுக்கு வந்தபோது கடைசிப் பெட்டியில் விளக்கில்லை. மலைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே இருக்கும் பாகம் மட்டும் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது, மீதி யுவராஜை மலை மறைத்தது. உதவி இன்ஜினைப் பின்னுக்கு நகர்த்தினார். பிறகு ஆள்காட்டி விரலால் கடைசிப் பெட்டியை மெல்லத் தள்ளினார். முன்பெட்டி ஜன்னல்களில் அரிசியளவு முகங்கள் வரிசையாக மேலே பார்த்தன. யாரும் அலறவில்லை. ஒருவர் டாட்டா காட்டியதுபோல இருந்தது.

ரயில் பாலத்தைக் கடந்தது. விளக்குகள் எரிந்தன, கடைசிப் பெட்டியிலும்.

“வணக்கம்ங்க,” என்றது ஒலிபெருக்கி. பளிச்சென்ற, உற்சாகமான குரல். “எம்பேரு செல்லதுரை. புதுசா வேலைக்குச் சேந்திருக்கிற கார்டுங்க. இன்னைக்குத்தான் முதல் நாளு. கண்ட்ரோல்தானுங்களே?”

“பாத்தீங்களா,” என்றார் தாமோதரன். “பேசறான். நல்லாத்தான் இருக்கான்.”

“கண்ட்ரோல்தான்” என்றார் யுவராஜ்.

“ரொம்ப சந்தோசம்ங்க சார். ஏதாச்சும் தப்புப் பண்ணினாச் சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

ரயில் மேல்முடியில் நின்றதும் இன்ஜின் டிரைவர் வேதமுத்து நிலையத்து வயர்லெஸ்ஸில் வந்தார். அதிகம் பேசாத ஆள். ஏழு வருடத்தில் அவர் கண்ட்ரோலோடு பேசியது பத்து வாக்கியத்துக்குள் இருக்கும்.

“சார், ஒண்ணு கேக்கலாங்களா? இன்னைக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?”

“எது?”

“கைதானுங்க. எப்பவும் அஞ்சு நிமிசத்துல வந்துருமே.”

யுவராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். “எப்பவுமா?”

“மாசத்துக்கு ரெண்டு தடவை பாலத்துல நிக்குமுங்க. மத்தியான ரயிலு. உடனே கை வந்து தள்ளிரும். வளையல் போட்ட கை. இன்னைக்கு வந்தது வேற கையா இருந்துச்சுங்க. முடி நெறைய.”

“உங்களுக்கெல்லாம்... கை இருக்கறது தெரியுமா?”

“தெரியாம என்னங்க? டைம்டேபிள்லயே அதுக்கு ஒதுக்கித்தானே வெச்சிருக்கோம்.”

“செல்லதுரை ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? கையை அனுப்புங்கன்னு ஏன் கேக்கலை?”

“அவருதானுங்க யாரும் சொல்லக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாரு. கண்ட்ரோலுக்குக் கை இருக்கறது தெரியாது, தன் திறமையிலதான் ரயிலு ஓடுதுன்னு நம்பிட்டு இருக்காரு, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிருவாருன்னாரு. டைரியிலகூடக் காத்துன்னுதான் எழுதுவாருங்க. நாங்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

யுவராஜ் பொள்ளாச்சிக்குப் போன் போட்டார். பின்னணியில் நாதஸ்வரமும் யாரோ ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

“நின்னு போச்சா?” என்றாள் சிந்துஜா, அவர் வாயைத் திறக்கும் முன்பே. “எனக்குத் தெரியும். காலையில இருந்து மனசே சரியில்லை. நீங்க தூங்கும்போது நிக்கும்ங்க, ஒரு தள்ளு தள்ளிவிட்டுருவேன். சொன்னா ஒரு வாரம் சாப்பிட மாட்டீங்க. என்னங்க? யாருக்காச்சும் ஏதாவது ஆயிருச்சா?”

தாமோதரன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். விதிப்புத்தகத்தை மூடினார். விருதைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று யுவராஜ் நினைத்தார். ஆனால் அவருடைய முகம் வேறு எங்கோ போயிருந்தது.

“யுவராஜ், இதை வெளியில சொல்ல வேண்டாம்,” என்றார். பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே, “எங்க வீட்டுலயும் மத்தியானம் நான் தூங்கறதுண்டு. சம்சாரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்” என்றார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நினைவு அழிந்தால் ஒரு நாளைக்குள் அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். தண்டனை ஒன்றும் கிடையாது; படிவம் மட்டும்தான். நின்ற நேரத்திலிருந்து நகர்ந்த நேரம் வரை நிமிடவாரியாக நிரப்ப வேண்டும். சாயங்காலம் யுவராஜ் சமையலறை சோபாவில் உட்கார்ந்து எழுதினார். ஹாலிலிருந்து செல்லதுரை ஒவ்வொரு நிலையத்தின் பேரையும் வேதமுத்துவிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வது காதில் விழுந்துகொண்டிருந்தது.

11.14, பாலத்தில் நின்றது. 11.19, உதவி இன்ஜின். 11.25, மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தது. 11.31, கை வைக்க முடிவெடுத்தது. 11.34, கடைசிப் பெட்டியில் பத்துப் பேர் நினைவிழந்தது. 11.36, கை வைத்தது.

முப்பத்தொன்றுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று படிவம் தனியாகக் கேட்டிருந்தது. யுவராஜ் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஐந்து நிமிடமும் அவர், பயணிகள் தன்னை முதன்முதலாகப் பார்க்கப்போகிறார்கள் என்பதால், அழுக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இஸ்திரி போட்ட ஒன்றைத் தேடி மாட்டித் தலைவாரிக்கொண்டிருந்தார்.

அது அரைக்கைச் சட்டை.